கத்திரிப்பூ நிறத்தில் ஒழுகிய பிரேக் ஆயில்: பழைய ராணுவ லாரி வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

ராணுவம் கழித்துவிட்ட லாரியை வாங்கலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். வைத்திருப்பவர்கள், ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

டெக்சாஸில் ஆஸ்டினுக்கு மேற்கே, மேடும் பள்ளமுமான இடத்தில் எங்களுக்கு 20 ஏக்கர் இருக்கிறது. 2019இல் அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 ஒன்றை வாங்கினேன். 1972இல் ஏஎம் ஜெனரல் கட்டிய வண்டி. மூன்று ஆக்சிலுக்கும் இழுவை உண்டு, பத்து டயர் (பின் இரண்டு ஆக்சிலிலும் பக்கத்துக்கு இரட்டை டயர்). இங்கே இதை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள், அதாவது இரண்டரை டன் வண்டி. அந்த இரண்டரை டன் காட்டுப் பாதைக்கான கணக்கு. தார்ச்சாலையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றலாம் என்று ராணுவமே சொல்கிறது.

இதற்குச் சாவி கிடையாது. ஒரு சுவிட்சைத் தட்டினால் டீசல் டேங்குக்குள் இருக்கும் மோட்டார் முனகும். அப்புறம் பட்டனை அழுத்த வேண்டும். எஞ்சின் பிடித்த பிறகும் ஒரு பஸ்ஸர் கத்தும். பிரேக்குக்கான டேங்கில் காற்று ஏறும்வரை கத்திக்கொண்டே இருக்கும். அது அடங்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. நிறுத்துவதற்கு ஒரு கேபிளை இழுத்து எரிபொருளை வெட்ட வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ எல்லாம் இருந்தும் 140 குதிரைத்திறன் பக்கம்தான் வரும். வெறும் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டன். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று தகட்டில் போட்டிருக்கிறது. நான் 70ஐத் தாண்டுவதில்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல நாள்.

எதை ஊற்றினாலும் ஓடும் என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாவற்றிலும் ஓடும்படி கட்டிய எஞ்சின்தான் இது. இதன் எரிப்பு முறை ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடமிருந்து வந்தது. ஆனால் அது போர்க்களத்தில் கிடைத்ததை ஊற்றி ஓட்டுவதற்கான ஏற்பாடு. வீட்டில் வைத்து ஓட்டுபவருக்கு நல்ல டீசல் போதும்.

சரி, வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிரேக்கைப் பற்றித்தான்.

இதன் பிரேக்கில் காற்றும் உண்டு, ஆயிலும் உண்டு. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். காற்றில் இயங்கும் பூஸ்டர் அந்த அழுத்தத்தைப் பெருக்கி ஆறு சக்கரங்களின் பிரேக் ட்ரம்களுக்கும் அனுப்பும். என் வண்டியில் ஆறுக்கும் ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் ஆறு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். வாங்கும்போதே இது எனக்குத் தெரியும். விற்றவர் பிரேக் எல்லாம் புதிது என்றார். கீழே படுத்து, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவைப் பார்த்தேன், உண்மையிலேயே புதிது. அதோடு எழுந்துவிட்டேன்.

2020 அக்டோபரில் வெட்டிய சீடர் மரக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் நிலத்தின் மேட்டிலிருந்து இறங்கினேன். மூன்றாம் கியர். பாதிச் சரிவில் மிதியைத் தொட்டேன், கால் பலகைவரை போய்விட்டது. இரண்டு முறை மிதித்தேன். ஒன்றுமே இல்லை, காற்றில் கால் வைத்தது மாதிரி இருந்தது. கியரை மட்டும் எடுக்கவில்லை. எஞ்சின் பிடியை விட்டிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இடது பக்க மேய்ச்சல் மேட்டில் ஏற்றினேன். ஓக் மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. எஞ்சின் விசையை ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் கை பிரேக் ட்ரம்மிலிருந்து புகை வந்தது. இறங்கி நிற்க முடியவில்லை, முழங்கால் ஆடியது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் சுற்றி வந்து பார்த்தேன். கடைசி ஆக்சிலின் வலது பக்கம், உள் டயரின் சுவரில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. இந்த வண்டிகளில் ஊற்றும் டாட் 5 சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு அந்த நிறம். டயரின் புழுதியில் அது ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து, சக்கரத்தோடு சுற்றியதில் விசிறி மாதிரி தெறித்திருந்தது.

ட்ரம்மை இறக்கிய பிறகு காரணம் தெரிந்தது. ஷூ புதிது, ஆனால் அதைத் தள்ளும் வீல் சிலிண்டர் பழையது. உள்சுவரில் துரு அரித்துச் சின்னச் சின்னக் குழிகள். ரப்பர் கப்பின் ஓரம் அந்தக் குழிகளில் உரசி உரசிக் கிழிந்திருந்தது. வருஷக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி. சிலிக்கான் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்லதுதான். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அதோடு கலக்காமல் தாழ்வான இடத்தில் தங்கி அங்கேயே துருவேற்றும். ஓடிக்கொண்டிருந்தால் பிஸ்டன் அசைந்துகொண்டே இருந்திருக்கும். ஓட்டி ஓட்டித் தேய்ந்த வண்டியைவிடச் சும்மா நின்ற வண்டிதான் பயப்பட வேண்டியது என்று அன்று புரிந்தது. மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்காதீர்கள்.

ஆறு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டரின் சீல்கள் என்று மொத்தமாக மாற்றினேன். நாலு மாதம் பிடித்தது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், பலகைக்குக் கீழே இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கவே பலகையில் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

அந்த வேலை நடக்கும்போதுதான் மாமனார் நாமக்கல்லிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இடது பக்கச் சக்கரம் ஒன்றின் நட்டை நாலடிக் குழாய் போட்டு நான் அழுத்திக்கொண்டிருந்தேன், அசையவே இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டட்டின் முனையைத் துணியால் துடைத்தார்.

“மாப்ள, கொஞ்சம் நிறுத்துங்க. இதுல எல்-னு வெட்டியிருக்குது பாருங்க. எடமரைங்க இது. நீங்க கழட்டல, இறுக்கிக்கிட்டு இருக்கறீங்க.”

இடது பக்கச் சக்கரங்கள் எல்லாம் இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்ற வேண்டியவை. வலது பக்கம் வலமரை. இரட்டை டயரில் வெளி நட்டுக்கு உள்ளே இன்னொரு நட்டு உண்டு. அதுதான் உள் சக்கரத்தைப் பிடிக்கிறது. வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் உள் சக்கரம் தளர்ந்து ஆடும். முதலில் உள்ளது, அப்புறம் வெளியது, கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி இரண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் மாமா ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். கிளம்பும் முன் இரும்புக் கம்பியால் பத்து டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டுவார். உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் வெளியே தெரியாது, தட்டினால் சத்தம் மொத்தையாக வரும். இருபது கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோவார். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ ஒட்டுகிறது, அல்லது பேரிங் போகிறது. சாயங்காலம் காற்று டேங்கின் அடித் திருகைத் திறந்துவிடுவார். முதல் நாள் அரை டம்ளர் அளவுக்கு மோர் மாதிரி எண்ணெயும் தண்ணீரும் கலந்து வந்தது. அந்தத் தண்ணீர்தான் பூஸ்டருக்குள் போய் உட்காருகிறது.

2023 பிப்ரவரியில் ஆஸ்டின் பக்கம் பனிக்கட்டி மழை கொட்டி, கிளைகள் கனம் தாங்காமல் ஊரெங்கும் முறிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் சாலையிலும் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வெட்டினோம், இந்த வண்டிதான் சுமந்தது. ஐந்து நாள் ஓடியும் ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. அதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஸ்கான்சின் நண்பர்:

என்னிடமும் எம்35ஏ2தான், 2015 முதல் இருக்கிறது. குளிரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சிலிண்டருக்குள் சூடேற்றிக் குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவும் க்ளோ பிளக் இந்த எஞ்சினில் கிடையாது. உள்ளிழுக்கும் காற்றை ஒரு சின்னச் சுடர் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழைய வண்டிகளில் அதைப் பெரும்பாலும் கழற்றி வைத்திருப்பார்கள், வாங்கும்போது கேளுங்கள். மைனஸ் 15க்குக் கீழே போனால் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் போடாமல் நான் தொடுவதில்லை.

காற்று டேங்கில் தண்ணீர் இருந்தால் இங்கே அது உறைந்து குழாயை அடைத்துவிடும். அப்போது மிதி கல் மாதிரி நிற்கும், வண்டி நிற்காது. உங்கள் மாமனார் சொன்னதை நான் அனுபவத்தில் கற்றேன்.

அப்புறம் மின்சாரம். இது 24 வோல்ட் வண்டி, இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருக்கும். ரேடியோவுக்கு வேண்டும் என்று ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்தேன். அது மட்டும் காலியாகிக் கிடக்க, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, ஒரே குளிர்காலத்தில் இரண்டும் போயின. தனியாக ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள், செலவு குறைவு.

ஓக்லஹோமா நண்பர்:

நான் சொந்தமாக வைத்திருக்கவில்லை. எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் ஒன்று இருந்தது. ராணுவம் கழிக்கும் வண்டிகளை மாநில வனத்துறை வழியாகச் சின்ன ஊர்களுக்குக் கொடுக்கும் திட்டத்தில் வந்தது. பின்னால் தண்ணீர் டேங்க் வைத்துப் புல்வெளித் தீக்குப் போவோம்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, பெரிய டேங்க் வைப்பது. 1,000 கேலன் தண்ணீர் 3.8 டன். தார்ச்சாலைக்குச் சரி, ஆனால் தீ எரிவது சாலையில் இல்லையே. காட்டுக்குள் இரண்டரை டன் என்ற கணக்குக்கு டேங்கின் எடையும் சேர்த்து 500 கேலனோடு நிறுத்த வேண்டும். பாதி டேங்கோடு சரிவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்வதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

வேலூர் பக்கத்து ஐயா:

நான் 22 வருஷம் இந்திய ராணுவத்தில், வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். எம்35ஐப் பார்த்ததில்லை. கை வைத்தது சக்திமான், நிஸ்ஸான் ஒன் டன் என்ற நம் ராணுவ லாரிகளில். சக்திமானும் எம்.ஏ.என். வடிவமைப்புதான், 1959 முதல் ஜபல்பூரில் கட்டினார்கள். பிற்காலத்தில் அதன் இடத்துக்கு நம் சென்னைக் கம்பெனியான அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது.

தம்பி, உங்கள் மாமனார் செய்ததற்கு எங்களிடம் பெயரே உண்டு. கிளம்பும் முன் ஃபர்ஸ்ட் பரேடு, வழியில் நின்றால் ஹால்ட் பரேடு, வண்டியைச் சேர்க்கும்போது லாஸ்ட் பரேடு. ஹப்பைத் தொட்டுப் பார்ப்பது ஹால்ட் பரேடு. காற்று டேங்கைத் திறந்துவிடுவது லாஸ்ட் பரேடு. எத்தனை அவசரமானாலும் டிரைவர் இதை விடக் கூடாது.

ஒன்று சொல்கிறேன். ராணுவத்தில் ஓடும் வண்டி எங்கள் கையில் நன்றாகவே இருக்கும். கண்டம் செய்த பிறகுதான், அதாவது உதவாது என்று கழித்த பிறகுதான், அது அநாதை. ஏலம் வரும்வரை திறந்த வெளியில், மழையிலும் வெயிலிலும் வரிசையாக நிற்கும். அப்போது பரேடும் கிடையாது, வண்டியின் ஓட்டக் கணக்கு எழுதும் கார் டயரியில் எழுதவும் ஆள் கிடையாது. அந்தக் காலத்தில்தான் ரப்பர் செத்துப்போகும், டேங்கின் அடியில் துரு படியும். கண்டமான வண்டி வாங்குகிறவர்கள், கடைசியாக எப்போது ஓடியது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பதில் இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் ரப்பர் என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் மாற்றும் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. எல்லாம் மாற்றினீர்கள், ஒரே சுற்றை இரண்டாகப் பிரித்தீர்களா?

முதலில் எழுதியவர்:

ஐயா, நன்றி. இன்னும் பிரிக்கவில்லை. முன் ஆக்சிலுக்குத் தனி, பின் இரண்டுக்கும் தனி என்று இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவதற்கான பாகங்கள் வந்துவிட்டன. சேசிஸில் அதைத் தாங்கும் பிடிப்பை மட்டும் வெல்டிங் செய்ய வேண்டும். அதை நானே செய்யத் துணியவில்லை, நல்ல வெல்டர் ஒருவரிடம் அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறேன். முடிந்ததும் படத்தோடு எழுதுகிறேன். அதுவரை சுமையோடு அந்த மேட்டில் ஏற்றுவதில்லை. சமதளத்தில் வாரம் ஒரு நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறேன். போன சனிக்கிழமை காற்று டேங்கின் அடித் திருகைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. நாமக்கல்லுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தை மாமாவுக்குக் கேட்க வைத்தேன்.