மறு: பிரேக் ரோட்டர், பேட், பெட்டிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ரோட்டர் – சுழலி
> பேட் – உராய்வுத் திண்டு
> பெட்டிங் – தேய்த்துப் பொருத்தல்

வணக்கம் ஐயா,

'சுழலி' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் மின்மோட்டாருக்குள் சுற்றும் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. ரோட்டர் என்பதே அமெரிக்க வழக்கு. பிரிட்டனிலும் நம்மூர்ப் பட்டறைகளிலும் டிஸ்க்தான். கையில் எடுத்துப் பார்த்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. 'தடைத்தட்டு' போதும். திண்டு என்றால் சாய்ந்துகொள்ளும் மெத்தென்ற பொருள். பேடோ பிரேக் மிதிக்கும்போது அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும், எஃகுத் தகட்டில் ஒட்டிய கெட்டியான வில்லை. சைக்கிளுக்குப் பிரேக் கட்டை என்கிறோமே, அந்த வழியில் 'தடைக்கட்டை' என்று வைக்கலாம்.

மூன்றாவது சொல்லான பெட்டிங், அதாவது புதுத் தட்டையும் கட்டையும் மாட்டியபின் ஒன்றுக்கொன்று பொருந்தவைப்பது, அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். போன வாரம் என்னுடைய பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு முன்பக்கத் தட்டும் கட்டையும் மாற்றினேன். பழைய தட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் வரப்புப் போலத் தட்டுப்பட்டது, அவ்வளவு தேய்மானம். புதுத் தட்டு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வருகிறது. பிரேக் கிளீனர் அடித்து, துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைத்தேன். மாட்டிய பிறகு, விடியற்காலை ஆளில்லாத சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை அழுத்திக் குறைப்பது, மறுபடி வேகமெடுப்பது என்று எட்டு முறை. முழுசாக நிறுத்தக் கூடாது. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஆறும்வரை ஓட்ட வேண்டும்.

இதில் நடப்பது வெறும் தேய்ப்பு இல்லை. சூட்டில் கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டில் ஏறுகிறது. சூடாக இருக்கும்போது பிரேக்கை மிதித்தபடியே நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். தட்டு கோணிவிட்டது என்று பலர் புதிது வாங்குவது இதனால்தான்.

வார்ப்பிரும்பு, மேல்பூச்சைக் கழுவுவது, சூடு, மெல்லிய படலம். புதுத் தோசைக்கல்லுக்கு நம் வீட்டில் செய்வதும் இதேதானே? அதைப் பழக்குவது என்கிறோம். பெட்டிங்குக்கு 'பழக்கல்' என்று முன்மொழிகிறேன்.

---

> பெட்டிங்குக்கு 'பழக்கல்' என்று முன்மொழிகிறேன்

நல்ல சொல். ஒரு ஐயம்: புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதையும் பழக்குவது என்று சொல்லிவிட மாட்டார்களா?

---

சொல்வார்கள் அம்மா, ஆனால் அங்கே உலோகத்தின் மேடுகள் தேய்ந்து இழைகின்றன, படலம் ஏறுவதில்லை. எஞ்சினுக்கு 'இழைத்தல்' என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் வராது. வினையாகவும் பழக்கல் நன்றாக ஓடுகிறது: "கட்டை மாத்தியாச்சு, தட்டை இன்னும் பழக்கலை, மெதுவாப் போ."