பட்டு எடுக்கும்போது ‘கோர்வை’ என்று கேளுங்கள்

கோலாலம்பூரில் வாழும் அன்புள்ள காஞ்சிபுரத்து உறவுகளுக்கு வணக்கம்.

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஊரிலிருந்து பட்டு வரவழைப்பவர்கள், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நிறமோ விலையோ அல்ல. “கோர்வையா?” என்று கேளுங்கள், அதாவது உடலும் கரையும் தனித்தனி நூலில் நெய்து கோத்ததா என்று. கேட்பார் இல்லாததால்தான் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறிகள் ஒவ்வொன்றாக ஒற்றை நாடாவுக்கு (நாடா என்பது குறுக்கு நூலை ஓட்டும் கருவி) மாறுகின்றன.

கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குப் பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று நாடா ஓடும். உடல் ஊடையும் (குறுக்கு நூல்) கரை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும். ஒவ்வோர் ஊடைக்கும் இது நடக்க வேண்டும் என்பதால் நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா போடுகிறார். அவர் கூலியும் அதே புடவையிலிருந்துதான் வர வேண்டும். விலை கூடுதலாவது இதனால்தான். இந்த இடத்தில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

கடையில் பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிக் கரையின் மேல் பிடியுங்கள். மயில்கழுத்து உடலுக்கு அரக்குக் கரை என்றால், கோர்வையில் கரையின் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் இரண்டுமே அரக்காக இருக்கும். ஒற்றை நாடாவில் உடல் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால் அரக்குக்குள் நீலம் மினுங்கி, கரை கலங்கித் தெரியும். புடவையைத் திருப்பி, கரை சேரும் கோட்டையும் பாருங்கள். தாழம்பூ ரேக்கு (ரம்பப் பல் போன்ற கூர்முனை வரிசை) வைத்த கரையில் கூர்முனைகள்தோறும் இரு நிற இழைகள் கோத்துத் திரும்பும் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும்.

முந்தி வேறு நிறமானால் பெட்னியும், அதாவது முந்தியை உடலோடு இணைக்கும் வேலையும், பார்க்க வேண்டும். உடல் பாவு முடியும் இடத்தில் முந்திப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் திரித்துச் சேர்ப்பார்கள், ஆயிரக்கணக்கான இழைகள். இரண்டு பாவும் சேர்ந்து ஓடுகிற அந்தப் பட்டை விரலுக்குச் சற்றுத் தடிப்பாகப் படும். அதைக் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் கைவேலையின் அடையாளம்.

முத்திரைகளை நம்புவதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2004இல் வந்த சில்க் மார்க், இழை தூய பட்டு என்று மட்டும் சொல்கிறது. சரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ எதுவும் சொல்லாது. கைத்தறி என்பதற்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரை தனி. சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்பார்கள், ஆனால் தாமிரச் சரிகையையும் சிவப்பு நூலில் சுற்ற முடியும். உறுதி வேண்டுமென்றால் நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே கதிரால் உலோகத்தைக் கண்டறியும்) கருவியில் ஓர் ஓரத்தைக் காட்டுங்கள். வெள்ளியா தாமிரமா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு வேண்டுமானால் ஆடிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாவும் சாயமும் தயாரான பிறகு தறியில் மட்டும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஐப்பசி மழையில் குழித்தறியில் தண்ணீர் ஊறும், சாயம் போட்ட பட்டும் சரியாகக் காயாது. கடைசி நேர அவசரத்தில் கிடைப்பது ஒற்றை நாடாதான்.

இனி நம் கோலாலம்பூர் ஈரத்துக்கு. வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைப்பது கந்தகமும் வியர்வையும். புடவைக் கட்டில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், கட்டியபின் வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், பூச்சி உருண்டையை மேலே படும்படி வைக்காதீர்கள். கட்டிக் கழற்றியதும் நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, வெள்ளை மல் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். கனத்த சரிகைப் புடவையை ஹேங்கரில் தொங்கவிட்டால் பட்டு இழுபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே ஒடிந்துவிடும்.