பேரலை யாருடைய படம்? ஹொகுசாய் பெயர் மட்டும் போதுமா?

உளிமுனை:
ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டின் பின்புறம் 2024 ஜூலை முதல், ஓவியர் ஹொகுசாய் பெயரில் அறியப்படும் 'பேரலை' என்ற மரக்கட்டை அச்சுப்படம் வந்திருக்கிறது. எங்கு பார்த்தாலும் "ஹொகுசாய் வரைந்த ஓவியம்" என்றே எழுதுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. அவர் தன் கையால் வரைந்த தாள் இன்று இல்லை, இருக்கவும் முடியாது. மெல்லிய தாளில் அவர் போட்ட கோட்டுப்படத்தைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள். நாம் பார்ப்பது செதுக்கியவர் விட்டுவைத்த கோடு. அவர் பெயரோ எங்கும் இல்லை.

அலையின் உச்சியில் நகம் போல வளைந்து நிற்கும் நுரையைக் கவனியுங்கள். இருபக்கமும் மரத்தை எடுத்தால்தான் நடுவில் அந்தக் கோடு நிற்கும். லினோ என்ற மெத்தென்ற செதுக்குத் தகட்டில் அந்த நுரையை மட்டும் செதுக்கிப் பார்த்தேன். மூன்றாவது நகத்திலேயே முனை பிய்ந்து வந்துவிட்டது.

கரைவலை:
உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை நண்பரே. ஆனால் யோசித்தது யார்? பேரலை வந்தது 1831 வாக்கில், ஹொகுசாய்க்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அதற்குச் சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் முன்பே படகுகள்மேல் எழும் அலையை அவர் வரைந்திருக்கிறார். அந்த அலை பாறை மாதிரி கெட்டியாக நிற்கும். அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தது அவர் மனம், உளி அல்ல. தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் ஐரோப்பியப் படங்களின் கணக்கை எடுத்துக்கொண்டு, நாடே வணங்கும் ஃபுஜி மலையை அலைக்கடியில் சிறு கூம்பாக வைத்தாரே, அந்தத் துணிச்சல் அவருடையது. முன்னால் எழும் சின்ன அலையும் ஃபுஜியின் வடிவத்திலேயே இருக்கும், பாருங்கள். எடோ (இன்றைய டோக்கியோ) சந்தைக்கு மீன் ஏற்றிப்போகும் விரைவுப் படகுகள் மூன்று, துடுப்புக்காரர்கள் குனிந்து படகோடு படகாக ஒட்டிக்கிடக்கிறார்கள். இதில் எதைச் செதுக்கியவர் முடிவு செய்தார்?

உளிமுனை:
சரி, ஹொகுசாயையே கேட்போம். பதின்ம வயதில் அவரே மரம் செதுக்கும் வேலை கற்றவர். பிற்காலத்தில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எகாவா தோமெகிச்சி என்பவர்தான் செதுக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். யார் செதுக்கினாலும் ஒன்றுதான் என்றால் ஏன் கேட்கிறார்?

கரைவலை:
அவர் பதிப்பாளருக்கு எழுதியதில், மற்றவர்கள் மூக்கையும் கண்ணையும் அவர்கள் பாணிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்றுதானே குறைபட்டுக்கொள்கிறார்? தன் கோடு தன் கோடாகவே வர வேண்டும் என்பதுதான் அவர் கவலை. உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

நீலக்குப்பி:
இருவரும் மையை மறந்துவிட்டீர்கள். படத்தின் உயிரே அந்த நீலம். பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பிரஷ்ய நீலம் 1830 வாக்கில்தான் எடோவில் மலிவாகக் கிடைத்தது. பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி, பேரலை இடம்பெற்ற 'ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற பட வரிசையை நீல அச்சு என்று சொல்லியே விளம்பரம் செய்தார். வெளிக்கோடுகூடக் கறுப்பு இல்லை, நீலம். விற்பனை சூடுபிடித்ததும் முப்பத்தாறு காட்சிகள் நாற்பத்தாறாக வளர்ந்தன. பின்னால் சேர்ந்த பத்துக்குக் கோடு கறுப்பு.

அப்புறம், அச்சிட்டவர். ஃபுஜிக்குப் பின்னால் சாம்பல் நிற வானம் மேலே போகப்போகக் கரைகிறதல்லவா? அது உளியில் வராது. ஒவ்வொரு தாளுக்கும் கட்டையில் மை பூசி, ஈரம் காட்டி, கையால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு ஈரத்தாளை வைத்து மூங்கில் உறை சுற்றிய வட்டத் திண்டால் பின்பக்கம் தேய்ப்பார்கள். அதனால்தான் ஒரு பிரதியில் வானம் அடர்ந்து இருக்கிறது, இன்னொன்றில் வெளுத்துப்போகிறது. பிந்திய பிரதிகளில் தலைப்புக் கட்டத்தைச் சுற்றிய கோடே தேய்ந்து அறுந்திருக்கும்.

கரைவலை:
வானத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். அதை ஹொகுசாய் கணக்கில் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அலை விஷயத்தில் மாற மாட்டேன்.

உளிமுனை:
மாற வேண்டாம். அருங்காட்சியக அட்டையில் ஒரு வரி கூடுதலாகப் போடட்டும்: "வரைவு ஹொகுசாய், வெளியீடு நிஷிமுராயா, செதுக்கியவரும் அச்சிட்டவரும் பெயர் தெரியாதவர்கள்." நான் கேட்பது இவ்வளவுதான்.

கரைவலை:
அதற்கு ஆட்சேபம் இல்லை. ஹொகுசாய் பெயர் முதலில், பெரிய எழுத்தில்.