ஒப்புதல் திரையில் பயனர்கள் விலகிவிடுகிறார்கள்: வழிகாட்ட வேண்டுகிறேன்

வணக்கம். தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் சிறு கடைக்காரர்களுக்குக் கடன் வழங்கும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றின் பயனர் பயணத்தை வடிவமைத்து வருகிறேன். விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கு விவரங்களைப் பெறுவதற்கு, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் (பயனரின் ஒப்புதலுடன் அவரது விவரங்களை வங்கியிடமிருந்து கடன் வழங்குபவருக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலை நிறுவனம்) வழிக்குக் கடந்த தீபாவளியை ஒட்டி மாறினோம். அதுமுதல், படிவத்தை முழுமையாக நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ஒப்புதல் திரையில் சற்று நேரம் தயங்கி, செயலியை மூடிவிடுகிறார்கள்.

நேரில் பேசியதில் காரணம் விளங்கியது. எங்கள் பெயரை நம்பி வந்தவருக்கு, முன்பின் கேள்விப்படாத அந்த அக்ரிகேட்டர் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஓடிபி வருகிறது. அடுத்து வங்கியிடமிருந்து இன்னொன்று வருகிறது. ஓடிபியை எவரிடமும் பகிரக் கூடாது என்று வங்கிகளே இடைவிடாது எச்சரித்து வரும் நிலையில், இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

எந்த விவரம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறுவது என்பனவற்றை எளிய தமிழில் முன்கூட்டியே விளக்கும் திரையைச் சேர்த்தோம். வரவிருக்கும் குறுஞ்செய்தியின் மாதிரியையும் காட்டினோம். ஓரளவே பயன் கிடைத்தது. வங்கி அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாகப் பதிவேற்றும் மாற்று வழியில், கடவுச்சொல் தெரியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். 'சலுகை இன்னும் சில நிமிடங்களே' என்ற அறிவிப்பை வைக்கலாம் என்ற யோசனையை மறுத்துவிட்டேன். ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் போலி அவசரம் அதுவேயாகும்.

பயனரின் எச்சரிக்கை உணர்வைக் குலைக்காமல், அந்த மூன்றாம் நிறுவனம் உண்மையானது என்பதை அவரே சரிபார்த்துக்கொள்ளும்படி இந்தப் படியை எவ்வாறு வடிவமைக்கலாம்?