புதுப்பிப்பு: ஒரே போனில் எடுத்த வகுப்பு வீடியோ

மைக், ட்ரைபாட் எதுவும் இல்லை, ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது, ‘என் வீடு’ என்று வகுப்புக்கு ஒரு வீடியோ எப்படி எடுப்பது எனக் கேட்டிருந்தேனே, முடித்துக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதில் பெரிதும் உதவியது ஒலி பற்றியதுதான். அம்மாவின் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, படத்தில் தெரியாதபடி பாட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆரம்பத்தில் ஒரு கைத்தட்டல். எடிட்டிங்கில் அந்தச் சத்தம் கூர்மையாக எழும் இடத்தையும் கைகள் சேரும் ஃபிரேமையும் பொருத்தினால் போதும், தனியாக எடுத்த ஒலி படத்தோடு ஒத்துப்போகும். ஃபேனை நிறுத்தியதற்குப் பாட்டி திட்டியதும் பதிவாகிவிட்டது. அதை வெட்ட மனம் வரவில்லை!

அப்புறம் டியூப்லைட் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 நொடி என்று வைத்ததும், ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்க, திரையில் ஓடிய கோடுகள் போய்விட்டன. பகல் காட்சிகளுக்கு ஜன்னல் வெளிச்சம், அதைத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான்.

கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் லேப்டாப் திணறியது. எடிட் செய்யும்போது மட்டும் வீடியோவின் தரம் குறைந்த சிறிய நகலைப் பயன்படுத்தும் ப்ராக்ஸி கிளிப் வசதியைப் போட்டதும் சரியாகிவிட்டது.

ஜிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் கருவி) வாங்கச் சொன்னவருக்கு: அரிசி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்த அசையாத ஷாட்தான் பாட்டிக்குப் பொருத்தமாக இருந்தது.