பத்தில் நாலு: எமர்சன், லேக் அண்ட் பால்மர் வாசித்தது முழு 'பிக்சர்ஸ்' தானா?

பியானோ டீச்சர்:
எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற இங்கிலாந்து ராக் மூவர் குழுவின் 'பிக்சர்ஸ்' ஆல்பத்தைப் பற்றி நேற்று இங்கே 'ஹேமண்ட் வெறியன்' எழுதியது இது: "முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் ஆன் எக்ஸிபிஷன்' முழுவதையும் ஒரே மேடையில் ராக்காக வாசித்த ஆல்பம். இதைக் கேட்டவனுக்கு மூலம் தேவையில்லை." இருபது வருடமாக அந்த மூலத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

1874இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, இறந்துபோன நண்பர் விக்டர் ஹார்ட்மனின் படங்களை வைத்து பியானோவுக்கு எழுதியதில் பத்து ஓவியங்கள், ஒவ்வொன்றும் ஒரு இசைத்துண்டு. இந்த மூன்று பேர் வாசித்தது நாலு. குள்ளன், பழைய கோட்டை, சூனியக்காரி பாபா யாகாவின் குடில், கீவ் நகரத்துப் பெருவாசல். அவ்வளவுதான். துயிலரி தோட்டத்தில் சண்டை போடும் குழந்தைகள் இல்லை. பிட்லோ என்ற மாட்டு வண்டி இல்லை. முட்டை ஓட்டோடு ஆடும் கோழிக்குஞ்சுகள் இல்லை. இரண்டு யூதர்கள் இல்லை, லிமோஜ் சந்தை இல்லை, பாரிஸின் நிலவறைக் கல்லறை இல்லை. பத்தில் நாலுக்குப் பெயர் 'முழுவதும்' என்றால் என் மாணவர்கள் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள்.

ஹேமண்ட் வெறியன்:
டீச்சர், எண்ணிக்கை வகுப்புக்குச் சரி. 1971 மார்ச் 26, நியூகாசில் சிட்டி ஹால். கீத் எமர்சன் தன் கீபோர்டில் தொடங்கவில்லை. அந்த அரங்கத்தில் 1928இல் நிறுவிய பைப் ஆர்கனில் போய் உட்கார்ந்து முதல் ப்ராமனாடை, அதாவது படம் பார்த்து நடப்பதைச் சொல்லும் மெட்டை, வாசித்தார். ஆர்கன் மேலே, அவருடைய கீபோர்டுகள் கீழே மேடையில். அவர் இறங்கி வந்து சேரும்வரை கார்ல் பால்மர் டிரம்மை உருட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த உருட்டலிலிருந்து 'குள்ளன்' வெடிக்கும்போது வராத சிலிர்ப்பு உங்கள் பத்து ஓவியத்திலும் வந்துவிடுமா?

பியானோ டீச்சர்:
ஆர்கனை நான் குறை சொல்லவில்லை. அந்த முதல் ப்ராமனாடை ஐந்தும் ஆறுமாக மாறி மாறி வரும் தாளத்தோடு அப்படியே வாசித்திருக்கிறார், நன்றாகவே இருக்கிறது. நான் கேட்டது வேறு. மீதி ஆறு எங்கே?

பழைய கேசட்:
எனக்கு இது ஸ்டுடியோ ரெக்கார்டிங் என்றுதான் ஞாபகம். கைத்தட்டலைப் பின்னால் சேர்த்திருப்பார்கள்.

ஹேமண்ட் வெறியன்:
இல்லை, மேடைப் பதிவுதான். தேதியும் அரங்கமும் மேலேயே இருக்கிறது. படித்துவிட்டு எழுதினால் நல்லது.

பழைய கேசட்:
நான் கேட்ட கேசட்டில் இரண்டாம் பக்கம் பாதியில் அறுந்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவே இல்லை. அதனால் சொன்னேன். படிக்கத் தெரியாதவன் மாதிரி பேச வேண்டாம்.

டிரம்ஸ்காரன்:
டீச்சருக்கு ஒரு கேள்வி. மாரிஸ் ராவெல் 1922இல் இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினாரே, அவர் ஒரு ப்ராமனாடை அப்படியே வெட்டிவிட்டார். அவரை ஏன் யாரும் கேட்பதில்லை? கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வெட்டினால் கலை, தோல் ஜாக்கெட்டோடு வெட்டினால் குற்றமா?

பியானோ டீச்சர்:
ராவெல் விட்டது ஒரு ப்ராமனாட், ஓவியம் இல்லை. ஓவியம் பத்தையும் வைத்தார். பத்து!

ஹேமண்ட் வெறியன்:
பத்தையும் வைத்தார், எப்படி வைத்தார்? பிட்லோவை முசோர்க்ஸ்கி தொடக்கத்திலேயே உரக்க எழுதினார். வண்டி நம் முகத்துக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். ராவெலிடம் அது தூரத்திலிருந்து மெல்ல வருகிறது. அதாவது நீங்கள் உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிட்லோவே திரிந்த பிட்லோதான்.

பியானோ டீச்சர்:
அரைகுறையாகப் பேசாதீர்கள். அந்த மாற்றம் ராவெலுடையது இல்லை. முசோர்க்ஸ்கி 1881இல் இறந்த பிறகு, 1886இல் ரிம்ஸ்கி கோர்சகோவ் திருத்திய பதிப்பு அச்சானது. அதில் வந்த மாற்றம் அது, ராவெல் அந்தப் பதிப்பை வைத்து வேலை செய்தார். அப்புறம், என் பிட்லோ ராவெலுடையது என்று யார் சொன்னது? நான் பியானோவில் வாசிப்பவள், முதல் சுரத்திலிருந்தே உரக்கத்தான் வாசிக்கிறேன். சரி, திரிந்ததோ திரியாததோ, ராவெலிடம் ஒரு பிட்லோ இருக்கிறது. உங்கள் ஆல்பத்தில் எங்கே இருக்கிறது?

மழைக்காலம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆல்பம் மொத்தம் 38 நிமிடம்தானே? எல்பி தட்டில் இடம் போதவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

பியானோ டீச்சர்:
எனக்கு அப்படிப் படவில்லை. இடம் இருந்தது. அந்த 38 நிமிடத்தில் கிரெக் லேக் தானே எழுதிய 'தி சேஜ்' பாட்டு வருகிறது. 'ப்ளூஸ் வேரியேஷன்' என்று ஒரு ப்ளூஸ் வருகிறது. பாபா யாகாவின் சாபம் என்று இவர்களே சேர்த்த ஒரு பகுதி வருகிறது. எல்லாம் முடிந்து 'நட்ராக்கர்' வருகிறது. அது முசோர்க்ஸ்கியே இல்லை, சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' அணிவகுப்பு. அதுவும் 1962இல் பி பம்பிள் அண்ட் த ஸ்டிங்கர்ஸ் வாசித்து இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்த பழைய ஹிட். துயிலரி ஒரு நிமிடத்துத் துண்டு. கோழிக்குஞ்சுகளும் லிமோஜும் தலா ஒன்றரை நிமிடம்கூட வராது. நட்ராக்கர் ஒன்றை எடுத்திருந்தால் இந்த மூன்றும் உள்ளே வந்திருக்கும். இடம் இல்லாமல் விடவில்லை. கஷ்டமானதை விட்டார்கள். லிமோஜை அந்த வேகத்தில் வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஹேமண்ட் வெறியன்:
எமர்சனுக்கு லிமோஜ் கஷ்டமா? பார்டோக்கின் 'அலெக்ரோ பார்பரோ' என்ற பியானோ துண்டை முதல் ஆல்பத்திலேயே வாசித்த மனிதர் அவர். ஹினஸ்தேராவின் பியானோ கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை 1973இல் மூக் சிந்தசைசரில் போட்டார். கஷ்டம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

டிரம்ஸ்காரன்:
மூக் இல்லை, மோக். அந்த சிந்தசைசரை உருவாக்கிய ராபர்ட் மோக் தன் பெயரை அப்படித்தான் உச்சரித்தார்.

ஹேமண்ட் வெறியன்:
இதுவா இப்போது பிரச்சினை? ஊரெல்லாம் மூக் என்றுதான் சொல்கிறார்கள்.

டிரம்ஸ்காரன்:
ஊரெல்லாம் சொன்னால் சரியாகிவிடுமா? உங்களோடு ஒரே பக்கம் நின்று பேசுகிறேன், எனக்கே இந்தப் பதிலா? கீபோர்டுக்காரர் ஜான் லார்டு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். அவருடைய டீப் பர்ப்பிள் குழு ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தது 1969 என்று நான் சொன்னபோது 1970 என்று சாதித்துவிட்டு, கடைசிவரை தவறு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஹேமண்ட் வெறியன்:
அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பியானோ டீச்சர்:
பார்டோக் பேச்சை எடுத்தது நல்லதாகப் போயிற்று. 1970இல் அந்த முதல் ஆல்பம் வந்தபோது அந்தத் துண்டை வைத்துச் செய்த 'தி பார்பேரியன்' பாடலுக்கு பார்டோக்கின் பெயரே போடவில்லை, குழுவின் பெயர்தான் இருந்தது. 'நைஃப் எட்ஜ்' பாடலில் யானாச்செக்கின் சின்ஃபோனியெட்டாவும் பாக்கின் ஃபிரெஞ்சு சூட்டும் இருக்கின்றன. அவர்கள் பெயரும் இல்லை. அங்கே பெயரை விட்டார்கள், இங்கே ஆறு ஓவியத்தை விட்டார்கள்.

ஹேமண்ட் வெறியன்:
'பிக்சர்ஸ்' உறையில் முசோர்க்ஸ்கி பெயர் இருக்கிறது. ஒரு ஆல்பத்தின் பழியை இன்னொன்றின் மேல் போடாதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். விக்டர் ஹார்ட்மன் இறந்த பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் அவருக்காக வைத்த கண்காட்சியில் 400க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. முசோர்க்ஸ்கியே பத்தைத்தான் எடுத்தார். நானூறில் பத்து எடுத்தவரை நீங்கள் கேட்கவில்லை. பத்தில் நாலு எடுத்தவரை மட்டும் கூண்டில் நிறுத்துகிறீர்கள்.

மழைக்காலம்:
இது நல்ல கேள்வி.

பியானோ டீச்சர்:
நல்ல கேள்வி இல்லை, தப்பிக்கும் கேள்வி. இறந்த நண்பனின் படங்களில் எதைப் பார்த்தபோது தனக்குள் இசை எழுந்தது என்பதை முசோர்க்ஸ்கி முடிவு செய்தார். அது அவர் துக்கம், அவர் தேர்வு. தேர்ந்து அடுக்கி ஒரு உருவம் கொடுத்துவிட்டார். நிலவறைக் கல்லறையில் ப்ராமனாட் மெட்டு இருட்டில் நடுங்கிக்கொண்டு வருகிறதே, அதுவரை படங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தவன் அங்கேதான் செத்தவர்களோடு பேசுகிறான். அந்த இடத்தைத் தாண்டி வந்தவனுக்குத்தான் பெருவாசல் திறக்க வேண்டும். கல்லறையை எடுத்துவிட்டு வாசலைத் திறந்தால் அது வெறும் சத்தம். எண்ணிக்கைக்காக நான் அழவில்லை. அந்த ஒரு கல்லறைக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பழைய கோட்டைக்கு வருகிறேன். மெதுவாக, வலியோடு பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இடது கையில் ஒரே சுரம் கடைசிவரை விடாமல் ஒலிக்கும். ராவெல் அதை சாக்சஃபோனிடம் கொடுத்தபோதுகூட அந்த வலி போகவில்லை. இவர்கள் அதை ஓட ஓட விரட்டுகிறார்கள். அதைக் கழித்தால் உங்களிடம் மிஞ்சுவது மூன்று.

ஹேமண்ட் வெறியன்:
இப்போது மூன்றாகிவிட்டதா! நாளை இரண்டு என்பீர்கள். அந்த வேகம்தான் ராக். உங்கள் பெருவாசல் ஒரு ஜார் மன்னன் உயிர் தப்பியதைக் கொண்டாட வரைந்த திட்டம், கட்டப்படவே இல்லை. எமர்சன் ஹேமண்ட் ஆர்கனை அலற வைத்து, லேக் அதற்கு வரி எழுதிப் பாடி, அந்த வாசலை நியூகாசிலில் நிற்க வைத்தார்கள். இங்கிலாந்துப் பட்டியலில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 10ஆம் இடம். எத்தனை பேர் முசோர்க்ஸ்கி பெயரையே இந்த ஆல்பத்தில்தான் முதலில் கேட்டார்கள்! நானும் அப்படித்தான். பதினாறு வயதில் எனக்கு எந்த டீச்சரும் கிடைக்கவில்லை.

பியானோ டீச்சர்:
முதலில் கேட்டீர்கள், சந்தோஷம். "மூலம் தேவையில்லை" என்று எழுதினீர்களே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய கேசட்:
ஜப்பானின் டோமிடா 1975இல் சிந்தசைசரிலேயே பத்தையும் செய்துவிட்டாரே. அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போகலாம்.

ஹேமண்ட் வெறியன்:
டோமிடா அறைக்குள் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டியது. இது மேடை. இரண்டையும் ஒப்பிடுவதே அபத்தம்.

பழைய கேசட்:
மறுபடியும் என்னை மட்டும் அதட்டுகிறீர்கள்.

டிரம்ஸ்காரன்:
மோக் என்று திருத்திவிட்டீர்களா?

பியானோ டீச்சர்:
பாருங்கள், டோமிடாவும் பத்து. கல்லறையும் உண்டு, பிட்லோவும் உண்டு. 'முழுவதையும்' என்ற சொல்லை நேற்றைய பதிவிலிருந்து எடுக்கிறீர்களா, இல்லையா?

ஹேமண்ட் வெறியன்:
எடுக்க மாட்டேன்.