சிஏ ஃபைனல் மறுமுயற்சி: 6 வாரம் கழித்து ஒரு புதுப்பிப்பு

சிஏ (பட்டயக் கணக்காளர்) ஃபைனலின் முதல் பாதியான குரூப் 1-ல் மூன்று பேப்பரிலும் தேவையான 40-ஐத் தாண்டியும் மொத்தம் 137-தான் வந்தது, தேவை 150, மும்பையில் முலுண்டிலிருந்து ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தேன் இல்லையா? நாலு மணிக்கு எழச் சொன்னீர்கள். ஒன்பது நாள் எழுந்தேன். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிவிட்டேன். விட்டுவிட்டேன்.

இப்போது காலை ஐந்தரை முதல் ஏழரை வரை கணக்கு மட்டும், பேனாவால் முழுசாகப் போட்டுப் பார்ப்பது. ரயிலில் ஆடிட் ஸ்டாண்டர்டுகள் (தணிக்கை செய்வதற்கான விதிகள்), கூடவே கொள்குறி வினாக்கள். போன தடவை பேப்பருக்கு 30 மார்க் வரும் அந்தக் கொள்குறிப் பகுதியை நான் மதிக்கவே இல்லை.

உண்மையில் கைகொடுத்தது ஞாயிற்றுக்கிழமைதான். பரீட்சை மதியம் 2 முதல் 5 வரை. சாப்பிட்டதும் எனக்குக் கண் சொருகும் நேரம் அது. அதனால் அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா டிவியை நிறுத்திவிடுவாள். முதல் ஞாயிறு, தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனத்தையும் சேர்த்துப் போடும் குழும நிறுவனக் கணக்கு ஒன்று, 14 மார்க். 25 நிமிஷத்தில் முடிய வேண்டியது, 50 ஆனது. துணை நிறுவனத்தை வாங்கிய தேதிக்கு முந்தைய லாபத்தையும் பிந்தையதையும் பிரிப்பதிலேயே தடுமாறினேன். போன ஞாயிறு 31 நிமிஷம். சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிதி மேலாண்மையில் 60 எடுத்தே ஆகணும். எடுத்தால், குரூப்பில் தேறாவிட்டாலும் அடுத்த மூன்று முயற்சிகளுக்கு அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம், விலக்கு. ஆபீஸில் 20 நாள் லீவு கேட்டேன், 15 கிடைத்திருக்கிறது.